பெரிய பாடகரே சும்மா கொடுக்கிறார், நான் காசு கேட்கலாமா?

கேள்வி

வக்கீலம்மாவுக்கு வணக்கம். எனக்கு மேலூர் பக்கம் ஒரு கிராமம். வயது 52. வர்ணிப்பு, அதாவது அழகரை வர்ணித்துப் பாடுகிற நாட்டுப்பாட்டு, பாடுகிறேன். சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது, சாமி தங்கிப் போகிற மண்டகப்படிகளில் பாடுவோம். மற்ற மாதங்களில் பொங்கல், முளைப்பாரி என்று ஊர்களில் கூப்பிடுவார்கள். நாயனம், தவில், பம்பை, உறுமி, உடுக்கை என்று என்னோடு சேர்த்து செட்டில் எட்டுப் பேர். எங்கள் அப்பாவும் வர்ணிப்புக்காரர்தான். 2009-ல் தவறிவிட்டார். அவர் சொந்தமாகக் கட்டிய 14 பாட்டு ஒரு நோட்டில் இருக்கிறது.

போன வருடம், பேரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரிகிற ஒரு பெரிய பாடகர் அழகர் மேல் பாடிய பாட்டுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் இலவசமாக விட்டார். அதிலிருந்து நான் விலை பேசப் போகிற இடமெல்லாம், "அம்புட்டுப் பெரிய ஆளே சும்மா குடுக்கிறாரு, நீ என்னப்பா இம்புட்டுக் கேக்குற?" என்கிறார்கள். என் தங்கச்சி மகனோ, "நாமளும் எல்லாத்தையும் யூடியூப்ல போட்டுருவோம் மாமா, வெளிநாட்டுலயே பெரிய ஆளுகள்லாம் அப்படித்தான் செய்றாங்க" என்கிறான். ஒரு சேனல்காரர், 30,000 ரூபாய் தருகிறேன், 14 பாட்டையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், நானே ஸ்டுடியோவில் பதிவு பண்ணி இலவசமாக விடுகிறேன் என்கிறார். வசதி உள்ளவர்கள் இப்படிச் செய்வது எங்களைப் போன்றவர்கள் வயிற்றில் அடிப்பது இல்லையா? நான் என்ன செய்யட்டும்?

பதில்

அண்ணே, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேனல்காரர் நீட்டுகிற பேப்பரில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அச்சாரம் என்று எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

வசதியானவர்கள் பாட்டைச் சும்மா கொடுப்பது வயிற்றில் அடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் அது தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சித்திரைத் திருவிழாவில் மதுரைத் தல்லாகுளத்திலிருந்து வைகை ஆற்றங்கரை வரைக்கும் எத்தனை நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்கள்! வெயிலில் நடந்து வருகிறவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்கிறவரைப் பார்த்து, பக்கத்தில் சர்பத் விற்கிறவர் பிழைப்பு என்னாவது என்று நாம் யாரும் கேட்பதில்லை. தன் கைப்பொருளைத் தானம் செய்ய ஒருவருக்கு உரிமை இருக்கிறது. நான் கேட்கிற கேள்வி வேறு. பந்தல் போட்டவர் தயிர்க்காரருக்குக் காசு கொடுத்தாரா? கொட்டகை போட்டவருக்குக் கூலி கொடுத்தாரா? கொடுத்திருந்தால் அது தர்மம். கொடுக்கவில்லையென்றால், தயிர்க்காரர் வீட்டுத் தயிரை எடுத்துத் தன் பேரில் ஊற்றுகிறார் என்றுதான் அர்த்தம்.

பாட்டுக்கும் இதே கணக்குத்தான். ஒரு பாட்டில் எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர், வாசித்தவர்கள், பதிவுக்குச் செலவு செய்தவர் என்று பல பேர் பங்கு இருக்கிறது. அந்தப் பெரிய பாடகர் அத்தனை பேருக்கும் உரியதைக் கொடுத்து, முழுச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டுதான் பாட்டை வெளியில் விட்டார் என்றால், அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அவரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. "இதற்கு இவ்வளவு செலவானது, வாசித்தவர்களுக்கு இவ்வளவு கொடுத்தேன், அதற்குப் பிறகுதான் இலவசமாக விடுகிறேன்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் விட்டதால்தான், பாட்டு என்பது செலவே இல்லாமல் வருகிற பொருள் என்று ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பு உங்கள் விலைப்பேச்சில் வந்து விடிகிறது.

இந்தக் குறையை முதலில் சொன்னது நாம் இல்லை. உங்கள் மருமகன் சொல்கிற வெளிநாட்டுப் பெரிய ஆட்களில் முக்கியமானவர்கள் ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழு. 2007 அக்டோபர் 10-ஆம் தேதி தங்கள் புது ஆல்பத்தை, விரும்பிய விலையைக் கொடுங்கள், ஒன்றும் கொடுக்காவிட்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்தார்கள். உலகமே கைதட்டியது. இரண்டு வருடம் கழித்து, சோனிக் யூத் என்ற அமெரிக்க ராக் குழுவின் கிம் கார்டன் இதை வெளிப்படையாகக் குறை சொன்னார். பார்க்கச் சமூக அக்கறை போல இருந்தாலும், அவர்கள் அளவுக்கு விற்காத சக இசைக் கலைஞர்களை நினைத்து அது செய்யப்படவில்லை, மற்றவர்கள் விலை வைப்பதே தப்பு போல ஆகிவிட்டது என்பது அவர் வருத்தம். மேலூர்ப் பக்கத் திருவிழாக் கமிட்டிகளில் நீங்கள் பட்டதை அமெரிக்காவில் இருக்கிற ஒரு அம்மா அப்படியே பட்டிருக்கிறார்.

ஆனால் மருமகனிடம் இந்தக் கதையின் மிச்சத்தையும் சொல்லுங்கள். அந்த இலவசக் கதவு திறந்திருந்தது இரண்டே மாதம். டிசம்பர் 10-ஆம் தேதி மூடிவிட்டார்கள். கதவு திறந்திருந்தபோதே 40 பவுண்டு விலையில் தனியாக ஒரு இசைத்தட்டுப் பெட்டியும் விற்றார்கள். புது வருடத்தை ஒட்டி அதே ஆல்பத்தைக் குறுந்தகடாகக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். சும்மா கிடைத்த பாட்டுதான், ஆனாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம். முன்பு இருந்த கம்பெனியோடு ஒப்பந்தம் முடிந்திருந்த நேரம் அது. பாட்டின் உரிமை அவர்கள் கையில் இருந்தது. கதவைத் திறந்ததும் மூடியதும் அவர்கள் இஷ்டம்.

நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு 2008 மார்ச்சில் 36 துண்டுகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. முதல் 9 இலவசம். கூடவே, கையெழுத்திட்ட தனிப் பதிப்பு 2,500 பிரதி, ஒன்று 300 டாலர். சில நாளில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. ஏழரை லட்சம் டாலர். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2007-ல் ஒரு லண்டன் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடு தன் ஆல்பத்தை இலவசமாக வினியோகித்தார். வாசகருக்குத்தான் இலவசம், பத்திரிகை அவருக்குப் பணம் கொடுத்தது. அதே கோடையில் லண்டனில் 21 ராத்திரி கச்சேரி செய்தார். அயர்லாந்தின் யூ2 குழுவின் ஆல்பம் 2014 செப்டம்பரில், ஆப்பிள் கம்பெனியின் பாட்டுக்கடையான ஐடியூன்ஸை வைத்திருந்த 50 கோடிப் பேர் கணக்கில் சும்மா வந்து விழுந்தது. அங்கேயும் ஆப்பிள் கம்பெனி அவர்களுக்குப் பணம் கொடுத்திருந்தது. கேட்காமல் வந்ததால் ஜனங்களுக்குக் கோபம் வந்து, அதை அழிக்கத் தனியாக ஒரு வழி செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

இவர்கள் யாரும் பாட்டின் உரிமையைக் கொடுக்கவில்லை, அண்ணே. கேட்கிற சுகத்தை மட்டும்தான் கொடுத்தார்கள். வயலைச் சுற்றிப் பார்க்க ஊரையே அழைக்கலாம், பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும். உங்களிடம் சேனல்காரர் கேட்பது பட்டாவை.

அவ்வளவு தூரம் போவானேன்? மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் 1916-ல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-ல் வெளிவந்த அவருடைய வேங்கடேச சுப்ரபாதம் இன்றைக்கும் காலையில் எத்தனை வீட்டில் ஒலிக்கிறது! அதன் ராயல்டியை அவர் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதி வைத்தார். ரிக்கார்டு விலைக்குத்தான் விற்றது. விற்றதால் ராயல்டி வந்தது. ராயல்டி அவர் பேரில் இருந்ததால் அவரால் தானம் செய்ய முடிந்தது. கொடுக்கிற மனசு உள்ளவர்களும் முதலில் உரிமையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று நான் என் கட்சிக்காரர்களிடம் சொல்லும்போது இதைத்தான் சொல்வேன்.

இப்போது கமிட்டிக்காரர்கள் விஷயம். அவர்களோடு சண்டை வேண்டாம், அவர்கள்தான் நாளைக்கும் கூப்பிட வேண்டியவர்கள். "அவர் கொடுத்தது ரிக்கார்டு. அதைத் தாராளமாக மைக் செட்டில் போடுங்கள், நானும் கேட்கிறேன். அவரையே நேரில் கூட்டிவந்து விடிய விடியப் பாட வைக்க எவ்வளவு ஆகும் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். நான் வருகிறேன் என்றால் எட்டுப் பேர் வருகிறோம், வேன் வாடகை இருக்கிறது, ராத்திரிச் சாப்பாடு இருக்கிறது" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சமயச் சடங்கின் பகுதியாகப் பாட்டைப் போடுவதும் பாடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கும் அந்த விலக்கு உண்டு. ஆகவே கோயிலில் உங்கள் ரிக்கார்டைப் போட்டால் அதற்குக் காசு கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். ஆனால் அந்த விலக்கு உங்கள் தொண்டைக்கும் தவில்காரர் கைக்கும் போட்ட விலக்கு இல்லை. நேரில் வந்து பாடுவது உழைப்பு. அதற்கு நீங்கள் சொல்வதுதான் விலை.

இனி அப்பாவின் நோட்டு. எனக்கு இதில்தான் கவலை அதிகம்.

வர்ணிப்பின் மெட்டும், காலங்காலமாகப் பாடி வருகிற அடிகளும் ஊர்ச் சொத்து. அதை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் உங்கள் அப்பா சொந்தமாகக் கட்டிய வரிகளுக்கு 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் ஆயுளும், அதற்குப் பிறகு 60 வருடமும் உரிமை உண்டு. அவர் 2009-ல் இறந்ததால் கணக்கு 2010 ஜனவரியில் தொடங்கி 2069 முடிய ஓடும். உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் போகிற சொத்து அது. உயில் ஏதும் எழுதி வைக்கவில்லையென்றால் வீடு, நிலம் போலவே இதுவும் வாரிசுகளுக்குச் சம பாகமாக வந்திருக்கிறது. அம்மா இருந்தால் அம்மாவுக்கும், உங்கள் தங்கச்சிக்கும் பங்கு உண்டு. "எல்லாத்தையும் போட்டுருவோம்" என்கிற மருமகனிடம், உங்க அம்மாவைக் கேட்டாயா என்று கேளுங்கள். நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், நாளைக்கு அது குடும்பத்துக்குள் வில்லங்கமாக வந்து நிற்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். நோட்டில் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில், எந்த அடி பழையது, எந்த அடி அப்பா கட்டியது, எது நீங்கள் பின்னால் சேர்த்தது என்று பென்சிலால் குறியுங்கள். உங்களுக்குத்தான் அது தெரியும். இன்னும் இருபது வருடம் போனால் தெரிந்த ஆள் இருக்க மாட்டார்கள். பிறகு பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை, எழுதின நிமிடமே உரிமை வந்துவிடுகிறது. ஆனாலும் தகராறு என்று வந்தால் பதிவு கைகொடுக்கும். எழுத்துக்கு ஒரு படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் அரசுக் கட்டணம்.

சேனல்காரர் பேப்பருக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெரியவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. கொஞ்ச வருடத்துக்கு முன்னால் என் ஆபீசுக்கு வந்தார். மஞ்சப்பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு கேசட்டை எடுத்து மேஜையில் வைத்தார். மேலட்டையில் அவர் போட்டோ, நெற்றி நிறையத் திருநீறு, முப்பது வயசு. அடுத்ததாக ஒரு முத்திரைத்தாள், மடித்த இடமெல்லாம் நைந்து வெளிச்சம் தெரிந்தது. கேசட் காலத்தில் ஒரு கம்பெனிக்கு 5,000 ரூபாய்க்கு மொத்தமாக எழுதிக் கொடுத்திருந்தார். அதே பாட்டுகள் இணையத்தில் லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன, கேட்கிறவருக்கு இலவசமாக. கொள்ளுப்பேத்தி போனில் போட்டுக் காட்டியபோதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. அவர் பணத்தைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "என் பேரு எங்கேயும் இல்லையேம்மா" என்றார்.

மாதக்கணக்கில் நோட்டீஸ், பேச்சுவார்த்தை என்று அலைந்தோம். கடைசியில் பெயர் போட்டார்கள். படைப்பாளியின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று கேட்கிற உரிமை, பாட்டை விற்றாலும் விட்டுப் போகாது. சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பணம் மட்டும் வரவில்லை. அந்த முத்திரைத்தாளில் கால வரம்பு இல்லாமல், எந்த வடிவிலும் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அவரிடம் அதை யாரும் வாசித்துக்கூடக் காட்டவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அவர் கையெழுத்துப் போட்ட காலத்தை விட இன்றைக்குச் சட்டம் உங்கள் பக்கம் கூடுதலாக நிற்கிறது. 2012-ல் பெரிய திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தின்படி, ஒரு பாட்டு ஒலிப்பதிவாகி ஓடும்போது வருகிற ராயல்டியில், எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் சம பங்கை வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துக் கொடுக்கிற பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. ஆகவே இனி நீங்கள் புதிதாகக் கட்டுகிற பாட்டுக்கு யாராவது "ராயல்டி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்க வந்தால், சட்டமே அதைத் தடுக்கிறது என்று சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லையென்றால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் என்றும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் போடும்போது புழக்கத்தில் இல்லாத புது ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் ஒழிய, ஒப்பந்தம் நீளாது. இதெல்லாம் தெரிந்துதான், விவரமான ஆட்கள் "நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" என்று ஒரே மூச்சில் எழுதிக் கொண்டுவருவார்கள். அந்த வரியைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடுங்கள்.

இன்னொரு கண்ணி, "நானே ஸ்டுடியோவில் பதிவு பண்ணுகிறேன்" என்பதில் இருக்கிறது. முன்கையெடுத்து, செலவும் பொறுப்பும் ஏற்றுப் பதிவை உண்டாக்குகிறவர்தான் சட்டத்தில் தயாரிப்பாளர். அந்த ஒலிப்பதிவின் உரிமை அவருக்குப் போகும், 60 வருடத்துக்கு. வரிகள் உங்களுடையதாக இருந்தாலும், குரல் உங்களுடையதாக இருந்தாலும், அந்தப் பதிவு அவருடையது. முடிந்தால் பதிவுச் செலவை நீங்களே போடுங்கள். 14 பாட்டையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம், இந்த வருடம் மூன்று செய்தால் போதும்.

அந்த 30,000 ரூபாய் அவசரமாகத் தேவைப்படுகிறது என்றால், அதற்கும் வழி இருக்கிறது. நிலத்தில் கிரயத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டையும் குத்தகைக்கு விடலாம். இன்ன மூன்று பாட்டு, மூன்று வருடம், இணையத்தில் மட்டும், ஒவ்வொரு பாட்டிலும் அப்பா பெயரும் உங்கள் பெயரும் வாசித்தவர்கள் பெயரும் போட வேண்டும், விளம்பர வருமானத்தில் பாதி உங்களுக்கு என்று எழுதிக் கேளுங்கள். அவர் உண்மையில் பாட்டு பரவ வேண்டும் என்று நினைக்கிறவராக இருந்தால் உட்கார்ந்து பேசுவார். "அதெல்லாம் சரிவராது, மொத்தமாகக் கொடுத்தால்தான்" என்றால், அவர் வாங்க வந்தது என்ன என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இலவசம் என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். யூடியூபில் கேட்கிறவர்தான் காசு கொடுப்பதில்லை. விளம்பரக்காரர் கொடுக்கிறார். அதில் சேனலுக்குப் பங்கு வர 1,000 சந்தாதாரரும், ஒரு வருடத்துக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்ட கணக்கும் வேண்டும். அந்த அளவை எட்டாத சேனலிலும் விளம்பரம் ஓடலாம், ஆனால் அந்தப் பணத்தில் உங்களுக்குப் பங்கு கிடையாது. மருமகன் சேனல் தொடங்கினால் முதல் கொஞ்ச காலம் அப்படித்தான் போகும். தொடங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொடங்கட்டும், நல்ல பையனாகத் தெரிகிறான். ஆனால் ஒரு பாட்டை ஏற்றும்போது உரிமம் என்ற இடத்தில் இரண்டு தேர்வு வரும். அதில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்பதைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். யூடியூபில் அதைத் தேர்ந்தால், பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் உங்கள் பாட்டை வெட்டி ஒட்டி வியாபாரத்துக்கே பயன்படுத்தலாம். அப்படி எடுத்துக்கொண்டவரிடம் பிறகு திரும்பக் கேட்க முடியாது. சாதாரண யூடியூப் உரிமமே போதும். நைன் இஞ்ச் நெயில்ஸ் கூட, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்ட உரிமத்தில்தான் கொடுத்தார்கள்.

மூலப் பதிவை, அதாவது ஸ்டுடியோவில் கொடுக்கிற முழுத்தரக் கோப்பை, யாருக்கும் அனுப்பாதீர்கள். வாட்ஸப்பில் சுற்ற விடாதீர்கள். இங்கே ஒரு செட்டுக்கு நடந்தது. இவர்கள் பாட்டை வேறு ஒருவர் தன்னுடையது என்று முந்திப் பதிந்துகொண்டார். பிறகு இவர்கள் தங்கள் சொந்தச் சேனலில் ஏற்றியபோது, இது அடுத்தவர் பாட்டு என்று எச்சரிக்கை வந்தது. தன் பாட்டு தன்னுடையது என்று நிரூபிக்கக் கஷ்டப்பட்டார்கள். ஸ்டுடியோ ரசீதும் தேதி போட்ட மூலக் கோப்பும் இருந்ததால் தப்பித்தார்கள்.

உங்கள் செட்டில் உள்ள மற்ற ஏழு பேரைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்காது. நான் ஒரு தடவை கட்சிக்காரர் ஒருவருக்காகப் பதிவு நடக்கிற இடத்துக்கே போயிருந்தேன். சின்ன அறை, ஏ.சி. சத்தம் பதிவில் விழும் என்று அதை நிறுத்திவிட்டார்கள். தவில் வாசித்த தம்பி வியர்வையில் நனைந்து, முடிந்ததும் ஒவ்வொரு விரலாக அந்த விரல் கூட்டைக் கழற்றினார். உள்ளே விரல் நுனி வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. கழற்றிக்கொண்டே, "இது இணையத்துல சும்மாதானே போகுது, இதுல எனக்கு என்னண்ணே?" என்று செட்டுத் தலைவரைக் கேட்டார். தலைவர் நல்ல மனிதர், ஆனால் பதில் இல்லாமல் நின்றார். அன்றைக்குக் கூலி பேசவே இல்லை, பேர் வரும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். போட்ட பாட்டிலும் தலைவர் பேர்தான் வந்தது.

சட்டம் வாசிக்கிறவரையும் நிகழ்த்துக் கலைஞர் என்றுதான் பார்க்கிறது. அவர் வாசிப்பின் மேல் அவருக்கு 50 வருட உரிமை உண்டு, தன் பெயரைக் கேட்கிற உரிமையும் உண்டு. பெரிய பாடகரிடம் நான் கேட்ட கேள்வியையே உங்களிடமும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள்: நீங்கள் இலவசமாக விடப்போகிற பாட்டில் உங்களுடையது எவ்வளவு? ஏழு பேரையும் ஒருநாள் உட்கார வைத்துப் பேசுங்கள். பதிவன்றைக்குக் கச்சேரிக் கூலியில் இவ்வளவு, பின்னால் இணையத்தில் ஏதாவது வந்தால் இந்தப் பங்கு, பாட்டைக் கேட்டுப் புதுக் கச்சேரி வந்தால் முதலில் இதே ஆட்களுக்குத்தான் அழைப்பு. ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். யாராவது ஒருவர், என் வாசிப்பைச் சும்மா கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை என்றால், அவர் வாசித்த பாட்டை விட்டுவிடுங்கள்.

என் அபிப்பிராயம் இது. அப்பா கட்டியதில் ஒன்று, ஊர்ப் பாட்டில் இரண்டு, மூன்றை மட்டும் நல்ல தரத்தில் பதிந்து எல்லாரும் கேட்க விடுங்கள். பாட்டின் கீழே எட்டுப் பேர் பெயரும், கச்சேரிக்கு அழைக்க ஒரு போன் நம்பரும் இருக்கட்டும். மிச்சப் பாட்டு மேடைக்கு. சித்திரையில் நேரில் வருகிறவர்கள் கேட்கட்டும். மூன்றைக் கேட்டவர்களுக்கு மற்றதைக் கேட்க ஆசை வரும், அதற்கு உங்களைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டு சித்திரை பார்த்துவிட்டு அடுத்த முடிவை எடுக்கலாம். ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கத்தில், பாட்டு எழுதியவராகவும் எழுதியவரின் வாரிசாகவும் சேர முடியும். பதிவு முடிந்தபின் அதற்கும் மனுப் போடுவோம்.

சேனல்காரர் திரும்பக் கேட்டால், வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அந்தப் பேப்பரில் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நகல் தர மாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் ஒத்தக்கடை தாண்டியதும் ஐகோர்ட் ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளலாம். வரும்போது நோட்டையும், பென்சில் குறிப்பையும் கொண்டுவாருங்கள். அம்மாவால் பயணம் செய்ய முடிந்தால் அம்மாவையும், இல்லாவிட்டால் தங்கச்சியை மட்டுமாவது கூட்டி வாருங்கள். மருமகனும் வரட்டும், அந்த உரிமம் விஷயத்தை அவன் போனிலேயே காட்டிக் கொடுத்துவிடுகிறேன்.